எந்த வீட்டுக்கு எத்தனை குடம்

போன மாதம் எங்கள் சபை மாதர் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. வீட்டுக் குழாய்க்கு மீட்டர் வைக்கப் போகிறார்களாம். தெருக் குழாயை நேரம் வைத்துப் பூட்டப் போகிறார்களாம். விலையில்லாமல் கிடைப்பதால்தான் ஏழைபாழைகள் தண்ணீரைக் கண்டபடி கொட்டுகிறார்கள் என்று ஓர் அம்மாள் சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. எழும்பாதே தவிர, அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு டீச்சர் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, நீங்க தண்ணி சொமந்தவங்கதானே, ஒங்க அனுபவத்த எழுதித் தாங்க, சபைப் பத்திரிகையில போடுதோம்" என்று கேட்டார்கள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

இருபது வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் வீடு வீடாக ஆற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஏழை வீட்டில் தண்ணீரைக் கொட்டி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அது ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த மனிதர்கள் யாரும் இப்போது இல்லை. ஆனாலும் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனார். முதலில் கடுதாசி வந்தது, பிறகு நின்றது. மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் என் கையைப் பார்த்து இருந்தார்கள். தண்ணீர் சுமக்கிற பெண்களை வைத்து வேலை நடத்தின ஞானப்பழம் அக்காவிடம் போய் நின்றேன். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் அது.

எங்கள் தெருக்களில் கிணறு இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் சவரு, உப்புத் தண்ணீர். குளிக்கலாம், துணி அலசலாம், பருப்பு மட்டும் வேகாது. எவ்வளவு விறகு தள்ளினாலும் கல் மாதிரி கிடக்கும். அதனால் குடிக்கவும் பொங்கவும் வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் வர வேண்டும். ஆள் அனுப்பி எடுக்க வசதி இல்லாத வீடுகளுக்கும், வசதி இருந்தும் நடக்க மனமில்லாத வீடுகளுக்கும் நாங்கள் சுமந்தோம். சைவ வீடுகளுக்கு அவர்களுக்கென்று ஆள் உண்டு, எங்கள் கைத்தண்ணீர் அவர்கள் அடுப்படிக்கு ஆகாது. எங்கள் கூட்டம் நம் சபையைச் சேர்ந்த வேதக்காரர் வீடுகளுக்கும் சில கடைகளுக்கும் போகும்.

ஞானப்பழம் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் கங்காணி. அவளுக்கும் அது தெரியும். அவள் யாரையும் வைய மாட்டாள். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். குடத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். விரல் முட்டியால் குடத்தை ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, "இந்தக் கொடம் யாரு வீட்டுக்குப் போகுது? இதுக்கு இன்னைக்கு என்ன கேடு, முக்காவாசி நெறஞ்சுட்டு நிக்குது?" என்று கேட்பாள். சுமந்து நிற்கிறவளுக்குத்தான் முகம் வெந்துபோகும். ஒரு நாள் செல்லக்கனி என்கிற சிறுபெண், "கொடத்துக்கு ஒடம்பு சரியில்லக்கா" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. குடத்தையே பார்த்து, "அப்ப அது வீட்டுலயே கெடக்கட்டும், நாளைக்கு வராண்டாம்" என்றாள்.

தண்ணீர் எடுக்கிற முறையை அவள் சொல்லித் தந்தபடி எழுதுகிறேன். வெளுக்கிற துறைக்கும் மாடு இறங்குகிற இடத்துக்கும் மேலே போக வேண்டும். குடத்தை மணல் போட்டுத் தேய்க்க வேண்டும், புளி போட்டால் வாடை தங்கிவிடும். தொடை அளவு தண்ணீரில் இறங்கி, குடத்தின் அடிப்புறத்தால் மேல்தண்ணீரை விலக்கிவிட்டு, வாயில் துணி கட்டி அமுக்க வேண்டும். தளும்பாமலிருக்க மாவிலை ஒன்று உள்ளே மிதக்கும். கோடையில் ஆறு ஒதுங்கிவிட்டால் மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முதலில் ஊறுவது கலங்கல், அதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மோந்தால் அண்டாவின் அடியில் மண் தங்கும், அதோடு அந்த வீடு போயிற்று.

மூன்று காரியம் அவளுக்கு ஆகாது. வழியில் குடத்தை இறக்கக்கூடாது. வாய் வைத்துக் குடிக்கக்கூடாது. ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் போகிறது என்று இன்னொரு வீட்டில் மூச்சு விடக்கூடாது.

மூன்றாவதுதான் பெரிய காரியம். ஒரு வீட்டில் கை இறுகினால் முதலில் குறைவது தண்ணீர்தான். நகை அடகுக்குப் போவது அதற்குப் பிறகு. பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவது அதற்கும் பிறகு. "இன்னைக்கு ஒரு கொடம் போதும் பாக்கியம், நேத்துள்ளது அப்படியே கெடக்குது" என்று சொல்வார்கள். எட்டிப் பார்த்தால் அண்டா காய்ந்து கிடக்கும். பார்க்காத மாதிரி வந்துவிட வேண்டும். ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்ததால்தான் பெண் எடுக்கிறவர்கள் தண்ணீர்க்காரியைத் தேடி வருவார்கள். பெண் வீட்டுக்கு எத்தனை குடம் போகிறது என்று கேட்டால் அந்த வீட்டின் நிலைமை தெரிந்துவிடும் என்று கணக்கு.

கூலியில் இரண்டு வகை. பெரிய வீடுகள் மாசக்கூலி. எத்தனை குடம் ஊற்றினாலும் மாசம் பிறந்தால் ஒரே தொகை. சின்ன வீடுகள் குடத்துக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்குக் கையில் வைக்க வேண்டும். கோடை வந்தால் ஊற்றில் காத்துக் கிடக்க வேண்டுமே என்று அக்கா குடத்தின் விலையை ஏற்றுவாள். மாசக்கூலியை ஏற்ற மாட்டாள், அவர்களிடம் கேட்கப் பயம். அதனால் கோடையில் சின்ன வீடுகள் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பெரிய வீடுகளோ ஆற்றுத் தண்ணீரிலே குளிக்கும், வெட்டிவேர்த் தட்டியை நனைக்கும். பணம் உள்ளவர்களுக்குக் குடம் சல்லிசு, இல்லாதவர்களுக்குக் கிராக்கி. தண்ணீருக்கு விலை வைத்தால் எல்லாரும் ஒழுங்காகச் செலவழிப்பார்கள் என்று மாதர் கூட்டத்தில் சொன்ன அம்மாளுக்கு இதை நேரே சொல்லத் தைரியமில்லை. இப்படி எழுதத் தைரியம் உண்டு.

என் வீடுகளில் ஒன்று வாத்தியார் வீடு. வாத்தியார் இறந்துபோய், அவர் சம்சாரம் எஸ்தரம்மாளும் மகள் சலோமியும் இருந்தார்கள். அவர் இருந்த காலத்தில் போன தண்ணீர் மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் ஒரு குடத்தில் நின்றது. பருப்பு வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். எஸ்தரம்மாள் மட்டும் வெள்ளைச் சேலையில் மடிப்புக் கலையாமல் கோவிலுக்கு வருவார்கள்.

சலோமியைக் கேட்டு வேதமுத்து அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அண்ணாச்சிக்குக் கருப்பட்டி மண்டி. உடன்குடிச் சிப்பம் வண்டி வண்டியாக அவர் கிட்டங்கியில் இறங்கும். மூத்த மகனுக்குத்தான் பேச்சு. வாத்தியார் ஏதோ சேர்த்து வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று அண்ணாச்சிக்கு ஒரு நினைப்பு. அவர் வீடும் எங்கள் கூட்டத்துக்கு மாசக்கூலி வீடுதான், பெரிய வீடு. நானே ஊற்றினேன்.

பெண் பார்க்க நாள் குறித்த வாரத்தில் எஸ்தரம்மாள் என்னிடம், "பாக்கியம், இந்த வாரம் தெனமும் அஞ்சு கொடம் கொண்டா" என்றார்கள். கோடை விலை. கழுத்தைப் பார்த்தேன், பொன் சங்கிலி இருந்த இடத்தில் நூல் கிடந்தது. ஐந்தையும் ஊற்ற அந்த வீட்டில் பாத்திரம் கிடையாது. ஒன்றை அடுப்படியில் வைத்துக்கொண்டு மற்றதை வாசலில் கொட்டச் சொன்னார்கள். வாசல் நனைந்து, தண்ணீர் ஓடைவரை ஓட வேண்டும், போகிற வருகிறவர்கள் பார்க்க வேண்டும்.

"சவருத் தண்ணிய எறச்சுத் தெளிப்போம்மா, பாக்குதவங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்டேன்.

"சவரு காஞ்சா வெள்ளையாப் பூக்கும், பிள்ள. கண்டுபிடிச்சிருவாங்க."

அதுவும் உண்மைதான். ஊற்றில் காத்திருந்து சிரட்டை சிரட்டையாக மோந்த தண்ணீரை என் கையாலேயே தெருவில் கொட்டினேன். சலோமி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பெண் பார்ப்பதற்கு முந்தின நாள் காலையில் வேதமுத்து அண்ணாச்சி வில்வண்டியில் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார். குடையை விரித்துக்கொண்டு மணலில் இறங்கி, ஞானப்பழம் அக்காவிடம் ஏதோ பேசினார். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி பாக்கியம், இங்கன வா. அண்ணாச்சி ஒண்ணு கேக்காரு."

நான் நிறைகுடத்தோடு நின்றேன்.

"வாத்தியார் வீட்டுக்கு நீதான ஊத்துத?" என்றார் அண்ணாச்சி. "வாசலு ஒரு வாரமா நனஞ்சு கெடக்குது. அதுக்கு முந்தி எத்தன கொடம் போச்சு?"

"அத அந்த அம்மாட்டயே கேளுங்க அண்ணாச்சி."

"அவ சொல்லுவாளா? நாங்க பொண்ணு எடுக்குதோம், விசாரிக்காண்டாமா? சும்மா சொல்லு. ஒனக்கு ஒரு சேல எடுத்துத் தாரேன்."

அக்கா பக்கத்தில் நின்றாள். மூன்று கட்டளை தந்தவள். அவள் என் குடத்தைத் தட்டி, "சொல்லச் சொல்லு இந்தக் கொடத்த" என்றாள். பிறகு எப்போதும் இல்லாத வழக்கமாக என் முகத்தைப் பார்த்தாள். என் காதோரம் பையச் சொன்னாள்: "வாத்தியார் வீடு ஒத்தக் கொடம். அண்ணாச்சி வீடும் அவரு சொக்காரங்க வீடுந்தான் நமக்கு அடுப்பெரியுத வழி. ரோசிச்சுப் பேசு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த மாசக்கூலி போனால் என் வீட்டில் உலை இல்லை. மாமியார் அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்தார்கள். உண்மையைச் சொன்னால் சலோமியின் கலியாணம் நின்றுவிடும், என் வேலை தப்பும். பொய்யாக ஐந்து என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது. அதைச் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. அந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்பது நான் விற்கிற சரக்கு இல்லை.

அண்ணாச்சி விடவில்லை. "என்னளா முழிக்க? கொடக்கணக்கு என்ன பெரிய ரகசியமா? ஒரு வீட்டுக்கு எத்தன கொடம் போகுதுன்னு சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம் அண்ணாச்சி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "சொல்லலாம். நான் ஊத்துத எல்லா வீட்டுக்கும் சேத்தே சொல்லுதேன். ஒங்க வீட்டுல இருந்து ஆரம்பிக்கட்டா?"

ஊற்றில் மோந்துகொண்டிருந்தவர்கள் சிரட்டையை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டு மாசக்கூலியில் ஒரு குடம், தினமும், தாலுகாக் கச்சேரிக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகும். அதையும் நான்தான் ஊற்றினேன். அது யார் என்று நான் கேட்டதில்லை. அண்ணாச்சி எனக்குச் சொன்னதுமில்லை.

அண்ணாச்சி குடையை மடக்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவர் ஏன் மடக்கினார் என்று தெரியவில்லை. "திமிரப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் போனார்.

அக்கா மறுபடி குடத்தைப் பார்த்தாள். "இந்தக் கொடத்த எறக்கிட்டு நாளையில இருந்து வராண்டாம்" என்றாள்.

"கொடம் என்னுது," என்றேன். நடந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெயர்தான் திமிர்க்காரி. நான் அடக்கமில்லாமல் பேசி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண் போட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிற கிழவிகள் இருக்கிறார்கள். சொல்லட்டும். மறுபடி அதே மணலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் குடத்தை வாத்தியார் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னதும் எஸ்தரம்மாள் என் மேல் பாய்ந்தார்கள். "அஞ்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் நாக்கு அழுகியா போயிருக்கும்? எம்பிள்ள பொழப்ப ஆத்தோட விட்டுட்டு வந்து நிக்கியே." எனக்குக் கோபம் வரவில்லை. சலோமிதான் வெளியே வந்து, "அம்மா, அவங்கள வையாத. பெரியம்மா, நாளைக்குச் சாயங்காலம் நீங்க வரணும்" என்றது.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். கேட்க வந்த காரியத்தைப் பாதியில் விட்டால் ஊர் ஏன் என்று கேட்கும், அதற்காகவே வந்திருப்பார் அண்ணாச்சி. சம்சாரம் பொன்னம்மாள் மதினியும் மாப்பிள்ளைப் பையனும் கூட. நான் அடுப்படியில் நின்றேன். சலோமி தட்டத்தில் தண்ணீர்ச் செம்பும் தம்ளர்களும் கொண்டுபோய் வைத்தது. குனிந்த தலை நிமிராமல் திரும்பி வர வேண்டும், அதுதான் முறை. அது திரும்பவில்லை.

"மாமா, நீங்க நேத்து ஆத்துல கேட்டதுக்கு நான் பதிலு சொல்லுதேன். எங்க வீட்டுக்கு ஒரு கொடம். கோடையில ஒருநாள் விட்டு ஒருநாள்கூட வாங்குவோம். இந்த வாரம் தெனமும் அஞ்சு. நாலு ஒங்களுக்காக வாசல்ல ஊத்துனது. இந்தச் செம்புல உள்ளது அஞ்சாவது."

எஸ்தரம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்தார். "தண்ணிக்காரி படிச்சுக் குடுத்த பாடமோ?" என்றார்.

"இல்ல மாமா. நானே எண்ணுனது."

மாப்பிள்ளை தகப்பனாரைப் பார்த்தான், எழுந்தான். பொன்னம்மாள் மதினி மட்டும் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்துவிட்டு, தம்ளரைத் தட்டத்தில் வைத்துவிட்டு, பிறகு போனார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. சலோமி டிரெய்னிங் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து டீச்சராகி நாகர்கோவில் பக்கம் போனது. எஸ்தரம்மாள் என்னோடு பேச வெகுகாலம் ஆயிற்று.

பெண் பார்க்க வந்து போன அன்று ராத்திரி மாமியார், "நாளைக்கு எங்க போவ?" என்று கேட்டார்கள். ஆற்றுக்குத்தான் என்றேன். வீடுகள் ஞானப்பழம் அக்காவுடையவை, ஆறு அவளுடையது இல்லை. விடிந்ததும் போய், அவர்களுக்கு மேலே தள்ளித் தனியாக ஊற்றுத் தோண்டினேன். செல்லக்கனி மட்டும் தன் சிரட்டையை என் பக்கம் எறிந்தாள், என்னுடையது உடைந்திருந்தது.

எனக்கு மாசக்கூலி வேண்டாம், எல்லா வீட்டுக்கும் குடத்துக்கு ஒரே விலை, கோடைக்கும் அதுதான் என்று மனதில் முடிவு. மூன்று பெரிய வீட்டுப் பின்வாசலில் போய்ச் சொன்னேன். முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில், "எண்ணி எண்ணித் துட்டுக் குடுக்க நாங்க என்ன கூலிக்காரங்களா?" என்று கேட்டார்கள். தலையில் குடம் கனத்தது. மூன்றாவதாக நான் போனது வேதமுத்து அண்ணாச்சி வீடு. வேண்டுமென்றேதான் போனேன். அவர் முன்கட்டில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

பொன்னம்மாள் மதினி பின்வாசலுக்கு வந்தார்கள்.

"மாசக்கூலி வேண்டாங்கியாமே?"

"ஆமா மதினி. கொடத்துக்குத்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே வெல."

"அப்போ ஊத்துத கொடத்த எண்ணித்தான் துட்டு."

"எண்ணித்தான்."

மதினி அண்டாவின் மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்தார்கள்.

"நல்லதாப் போச்சு. இந்த வாசல்ல ஊத்துதத மட்டும் எண்ணு, அதுக்கு நான் தாரேன். வேற எங்கன ஊத்துனாலும் ஒங்க அண்ணாச்சிட்ட நேர கையேந்தி வாங்கிக்க."

குடத்தை இறக்கிக் கவிழ்த்தேன்.

"ஒண்ணு" என்றார்கள் மதினி. முன்கட்டில் பேச்சு நிற்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்கள்.